வைப்ரஃபோன்: அடங்கக் கற்றுக்கொண்ட உலோகம்

வைப்ரஃபோன், சுருதி சேர்த்த உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் இசைக்கருவி. மேற்கத்திய இசையில் இதைத் தாளக் கருவிகளோடு சேர்த்து வகைப்படுத்துகிறார்கள். ஆனால் தாளம் போடுவதோடு இதன் வேலை முடிவதில்லை. இதில் முழுப் பாட்டின் மெட்டையும் வாசிக்கலாம். கைக்கு இரண்டாக நான்கு கோல்களைப் பிடித்துக்கொண்டு நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் எழுப்பலாம். தட்டிய சுரம் மணியோசைபோலத் தெளிவாகத் தொடங்கி, மெல்ல அலையடித்துத் தேய்ந்து மறையும். அந்த அலையடிப்புதான் கருவிக்குப் பெயரையும் தனி அடையாளத்தையும் தந்தது.

இடுப்பு உயரச் சட்டம் ஒன்றின் மேல் பட்டைகள் இரண்டு வரிசைகளாக அமைந்திருக்கும். பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கு உரிய சுரங்கள் வாசிப்பவருக்கு அருகில் உள்ள வரிசையிலும், கறுப்புக் கட்டைகளுக்கு உரியவை அடுத்த வரிசையிலும் இருக்கும். பரவலாகப் புழங்கும் கருவியில் 37 பட்டைகள், மூன்று ஸ்தாயி. மிகத் தாழ்ந்த சுரத்தின் அதிர்வெண் சுமார் 175 ஹெர்ட்ஸ். மிக உயர்ந்ததன் அதிர்வெண் சுமார் 1,397 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஓர் உலோகக் குழாய் தொங்கும். குழாயின் வாயில் ஒரு சிறிய வட்டத் தகடு சுழலும். அதைச் சுழற்ற ஒரு மின்மோட்டார் உண்டு. தரையை ஒட்டி, காலால் அழுத்த ஒரு பெடல் இருக்கும். பட்டை, குழாய், தகடு, பெடல் என்ற இந்த நான்கும் சேர்ந்ததே வைப்ரஃபோன்.

உறவுக் கருவிகள்

தட்டினால் சுரம் தரும் பட்டைக் கருவிகள் உலகில் பல. மரப்பட்டைகள் கொண்டவை சைலஃபோனும் மரிம்பாவும். சைலஃபோனின் ஓசை காய்ந்த மரத்தைத் தட்டியதுபோல் கணீரென்று வந்து உடனே அடங்கிவிடும். மரிம்பாவின் ஓசை இன்னும் தாழ்ந்தது, கனிவானது. உலோகப் பட்டைகள் கொண்டவற்றில் குளோக்கன்ஷ்பீல் சிறியது. எஃகுப் பட்டைகளால் ஆனது. மிக உயர்ந்த ஸ்தாயியில் சலங்கைபோல ஒலிக்கும். அதே வகை எஃகுப் பட்டைகளைப் பியானோ போன்ற கட்டைகளால் தட்டவைக்கும் கருவி செலஸ்டா. பாரிஸைச் சேர்ந்த ஒகுஸ்த் முஸ்தெல் 1886இல் அதை உருவாக்கினார். சாய்கோவ்ஸ்கி 1892இல் அரங்கேறிய தம் 'நட்கிராக்கர்' பாலே இசையில் அதைக் கையாண்டு உலகறியச் செய்தார்.

தமிழ்நாட்டில் கோலால் தட்டிச் சுரம் எழுப்பும் கருவி என்றதும் நினைவுக்கு வருவது ஜலதரங்கம். அதில் ஒலிப்பது பீங்கான் கிண்ணம். சுருதியைக் கூட்டிக் குறைப்பது அதில் ஊற்றும் நீர். வைப்ரஃபோனில் அந்த வசதி இல்லை. பட்டையின் சுருதி அதைச் செய்யும் பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது.

வைப்ரஃபோனுக்கு மிக நெருங்கிய உறவு இந்தோனேசியாவில் இருக்கிறது. ஜாவா, பாலித் தீவுகளின் கமெலான் இசைக்குழுவில் 'கெண்டேர்' என்றொரு கருவி உண்டு. மெல்லிய வெண்கலப் பட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் மூங்கில் அல்லது உலோகக் குழாய் நிற்கும். வாசிப்பவர் இரு கைகளாலும் தட்டிக்கொண்டே, முன்பு தட்டிய பட்டையை அதே கையின் ஓரத்தால் தொட்டு அடக்குவார். பாலியில் இன்னொரு நுட்பமும் உண்டு. கருவிகளை இரட்டையாகச் செய்து, ஒன்றைவிட மற்றொன்றைச் சிறிதளவு சுருதி உயர்த்தி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது ஓசை நொடிக்குச் சில முறை ஏறி இறங்கும். அதை 'ஓம்பாக்' என்கிறார்கள். தொங்கும் உலோகப் பட்டை, அடியில் குழாய், கையால் அடக்கும் முறை, அலையடிக்கும் ஓசை ஆகிய நான்கையும் கமெலான் கலைஞர்கள் மோட்டாருக்குப் பல தலைமுறைகள் முன்பே கண்டுவிட்டார்கள். கமெலான் 2021இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டு தொழிற்சாலைகள், ஒரு கருவி

வைப்ரஃபோனின் பிறப்பிடம் அமெரிக்கா. இண்டியானாபொலிஸ் நகரில் தாளக் கருவிகள் செய்துவந்த லீடி நிறுவனத்தில் ஹெர்மன் விண்டர்ஹாஃப் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஒரு முயற்சியில் இறங்கியிருந்தார். எஃகுப் பட்டைகள் கொண்ட மரிம்பா வகைக் கருவியின் ஓசையில் மனிதக் குரலின் நடுக்கத்தை வரவழைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். குழாய்களின் வாயை ஒரு மோட்டாரால் மாறி மாறித் திறந்து மூடினால் அது நடக்கும் என்று 1921 வாக்கில் கண்டுகொண்டார். லீடி நிறுவனத்தின் ஜார்ஜ் வே அதற்கு 'வைப்ரஃபோன்' என்று பெயரிட்டார்.

அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் வாடிவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகள் களைகட்டியிருந்தன. புதுமையான ஓசை எழுப்பும் எந்தக் கருவிக்கும் அங்கே மவுசு இருந்தது. 'சின்யோர் ஃப்ரிஸ்கோ' என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட லூயி ஃபிராங்க் சிஹா 1924இல் இந்தக் கருவியில் வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் விற்றன. கருவியின் பெயரும் பரவியது.

அதைக் கண்ட சிகாகோவின் டீகன் நிறுவனம் தன் தலைமைச் சுருதியாளர் ஹென்றி ஷ்லூட்டரிடம் இதுபோல் ஒன்று செய்யச் சொன்னது. ஷ்லூட்டர் நகல் எடுக்கவில்லை. எஃகுக்குப் பதிலாக அலுமினியப் பட்டைகளை வைத்தார். அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களையும் ஒழுங்குபடுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, காலால் இயக்கும் அடக்கு பெடலைப் பொருத்தினார். 1927இல் அந்தக் கருவி 'வைப்ராஹார்ப்' என்ற பெயரில் வெளிவந்தது. முதலில் கண்டுபிடித்த லீடி நிறுவனமே அடுத்த ஆண்டு ஷ்லூட்டரின் அமைப்பைத் தழுவித் தன் கருவியை மாற்றிக்கொண்டது. பெயரில் லீடி வென்றது. அமைப்பில் டீகன் வென்றது. இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் வைப்ரஃபோன்கள் அடிப்படையில் 1927இன் வடிவத்தையே பின்பற்றுகின்றன.

பட்டை எப்படிப் பாடுகிறது

இரு முனைகளும் கட்டில்லாமல் இருக்கும் ஓர் உலோகப் பட்டையை நடுவில் தட்டினால், அதன் நடுப்பகுதி மேலே வளையும்போது இரு முனைகளும் கீழே போகும். நடுப்பகுதி கீழே வரும்போது முனைகள் மேலெழும். இந்த ஆட்டத்தில் அசையாமல் நிற்கும் இடங்கள் இரண்டு உண்டு. அவற்றைக் கணுக்கள் என்கிறது இயற்பியல். ஒரே தடிமனான பட்டையில் கணு, ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் அமையும். 30 செ.மீ. நீளப் பட்டையானால் முனையிலிருந்து சுமார் 6.7 செ.மீ. அந்த இடத்தில்தான் துளையிட்டுக் கயிறு கோக்கிறார்கள். அசையாத புள்ளியைப் பிடித்துத் தொங்கவிடுவதால் பட்டையின் அதிர்வைக் கயிறு விழுங்குவதில்லை. கோல் கணுவின் மேல் விழுந்தால் ஓசை எழாமல் 'டொக்' என்று செத்துப்போகும். நடுவிலோ முனையை ஒட்டியோ தட்டும்போதுதான் பட்டை முழுக் குரலில் ஒலிக்கும்.

வீணையின் தந்தியைப் பாதி நீளத்தில் அழுத்தினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். அதிர்வெண் இரு மடங்காகும். பட்டையின் கணக்கு வேறு. ஒரே தடிமனுள்ள பட்டையின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகும்; அதாவது இரண்டு ஸ்தாயி உயரும். ஆகவேதான் மூன்று ஸ்தாயிக்குரிய பட்டைகளையும் கைக்கு எட்டும் நீளங்களுக்குள் அடக்க முடிகிறது.

அடுத்த சிக்கல் மேற்சுரம். தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படையின் 2, 3, 4 மடங்குகளாக ஒழுங்காக அமைவதால் காதுக்கு இணக்கமாகக் கேட்கின்றன. தடிமன் மாறாத உலோகப் பட்டையிலோ முதல் மேற்சுரம் அடிப்படையைப்போல் 2.76 மடங்கில் விழும். அது எந்தச் சுரத்தோடும் ஒட்டாது. இரும்புத் துண்டைத் தட்டும்போது வரும் கரடுமுரடான ஓசைக்கு இதுவே காரணம். இதைச் சரிசெய்யப் பட்டையின் அடிப்பக்கத்தை நடுவில் வில்போல வளைவாகக் குடைகிறார்கள். நடுவில் குடையக் குடைய அடிப்படைச் சுரம் மேற்சுரத்தைவிட வேகமாகத் தாழும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் 2.76இலிருந்து சரியாக 4 ஆகும் வரை குடைந்தால், மேற்சுரம் அடிப்படைக்கு இரண்டு ஸ்தாயி மேலே போய் நின்றுவிடும். அப்போது அது தனி ஓசையாகத் துருத்தாமல் அடிப்படைச் சுரத்துக்குப் பளபளப்பு ஏற்றும்.

குடைவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுவிலிருந்து உலோகத்தை எடுத்தால் பட்டை தளர்ந்து சுருதி இறங்கும். முனையிலிருந்து எடுத்தால் எடை குறைந்து சுருதி ஏறும். சுருதியாளர் இரண்டு இடத்திலும் சிறிது சிறிதாக அரத்தால் ராவி, ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்து, அடிப்படையையும் மேற்சுரத்தையும் ஒரே பட்டைக்குள் இணக்குகிறார். எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

குழாயும் தகடும்

பட்டை தனியாக ஒலித்தால் ஓசை மெலிந்திருக்கும். அதை நிறைவாக்குவது அடியில் தொங்கும் குழாய். மேல்முனை திறந்தும் கீழ்முனை அடைத்தும் இருக்கும் குழாயினுள் உள்ள காற்றுத்தூண், தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஓசைக்கு ஒத்ததிரும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் காற்றில் சுமார் 78 செ.மீ.; அதற்கு வேண்டிய குழாய் ஏறக்குறைய 20 செ.மீ. மிகத் தாழ்ந்த பட்டைக்குச் சுமார் 49 செ.மீ. வேண்டும், மிக உயர்ந்ததற்கு 6 செ.மீ. போதும். பல கருவிகளில் குழாய்களின் கீழ்முனைகள் முன்பக்கத்தில் அழகான வளைவாகத் தெரியும். அது கண்ணுக்கான அலங்காரம். உயர்ந்த சுரத்தின் குழாய் வெளியே நீளமாகத் தெரிந்தாலும், அதனுள்ளே உரிய இடத்தில் ஓர் அடைப்பு இருக்கும்.

குழாய் ஓசையைப் பெருக்கும்போது பட்டையின் ஆற்றலையும் வேகமாகச் செலவழிக்கிறது. குழாயின் வாய் திறந்திருந்தால் ஓசை பெரிதாக எழுந்து சீக்கிரம் தேயும். வாய் மூடியிருந்தால் சிறிய ஓசை நெடுநேரம் நிற்கும். வைப்ரஃபோனின் தகடுகள் இந்த இரண்டு நிலைகளையும் மாறி மாறி உண்டாக்குகின்றன. ஒரு வரிசைக் குழாய்களின் வாய்களை ஊடுருவி ஒரு நீண்ட தண்டு செல்லும். ஒவ்வொரு வாயிலும் அந்தத் தண்டில் ஒரு வட்டத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் பெல்ட் வழியாகத் தண்டைச் சுழற்றும்போது தகடு படுத்தால் வாய் மூடும், நிமிர்ந்தால் திறக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை திறப்பு, இரண்டு முறை மூடல். வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு உண்டு.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் இந்த அலையடிப்பைக் கமகம் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. கமகத்தில் அசைவது சுருதி. சுரம் தன் இடத்திலிருந்து மேலும் கீழும் போய்வரும். வைப்ரஃபோனில் சுருதி அசைவதில்லை. ஓசையின் அளவுதான் பெருகிச் சிறுக்கிறது. மேற்கத்திய இசைச் சொற்களில் சொன்னால் இது 'விப்ராட்டோ' அல்ல, 'ட்ரெமோலோ'. இந்த நடுக்கம் கட்டாயமும் அல்ல. மோட்டாரை நிறுத்தி, தகடுகளைத் திறந்த நிலையில் வைத்து வாசிப்பவர்கள் இன்று ஏராளம்.

காலின் கலை

அலுமினியப் பட்டையைத் தட்டிவிட்டு விட்டால் ஓசை பல நொடிகள் நிற்கும். ஒரு பாட்டின் மெட்டை அப்படியே வாசித்தால் எட்டுப் பத்து சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து குழம்பிப்போகும். இங்கேதான் ஷ்லூட்டரின் பெடல் கருவியைக் காப்பாற்றியது. இரண்டு வரிசைப் பட்டைகளின் உள்முனைகளுக்குக் கீழே ஃபெல்ட் துணி போர்த்திய நீண்ட கட்டை ஒன்று வில்லால் மேலே தள்ளப்பட்டு எல்லாப் பட்டைகளையும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் தட்டினால் ஓசை உடனே அடங்கும். பெடலை அழுத்தினால் கட்டை கீழிறங்கும். பட்டைகள் விடுபட்டு ஒலிக்கும். காலை எடுத்தால் மீண்டும் மௌனம். பாதி அழுத்தினால் ஓசை அரைகுறையாகத் தேயும்.

பெடல் எல்லாப் பட்டைகளையும் ஒருசேரத்தான் அடக்கும். ஒரு சுரத்தை மட்டும் நிறுத்தி மற்றவற்றை ஒலிக்கவிட வேண்டுமானால் அந்த வேலையைக் கோல் செய்ய வேண்டும். உதாரணமாக, பெடலை அழுத்தியபடியே ஸ, ரி, க என்று வாசிக்க வேண்டும் என்று கொள்வோம். வலக்கோலால் ஸ தட்டியாயிற்று. அடுத்து வலக்கோல் ரி மேல் விழும் அதே கணத்தில் இடக்கோலின் தலை ஸ பட்டையின் மேல் மெதுவாக அமர்ந்து அழுத்த வேண்டும். சற்று முந்தினால் இரண்டு சுரங்களுக்கு இடையே வெற்றிடம் விழும்; சற்றுப் பிந்தினால் இரண்டும் மோதும். அடக்கும் கோல் பட்டையில் இடிக்கும் சத்தமும் கேட்கக் கூடாது. கேட்பவருக்கு ஒரு சுரம் இன்னொரு சுரமாக வழுக்கி மாறியதுபோல் தோன்றும். டேவிட் ஃப்ரீட்மன் 1973இல் வெளியிட்ட பயிற்சி நூல் முழுவதும் இந்த அடக்கும் கலையையும் பெடல் பயிற்சியையும் பற்றியதுதான். இன்றும் மாணவர்கள் கையில் இருக்கிறது.

வைப்ரஃபோனின் இரண்டு வரிசைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. சைலஃபோனிலும் மரிம்பாவிலும் பின்வரிசை சற்று உயர்ந்திருக்கும். இங்கே நான்கு கோல்களோடு வரிசை மாறி மாறித் தட்டவும் அடக்கவும் சமதளமே வசதி.

கோல்கள்

பிரம்பு அல்லது மரத்தண்டின் முனையில் ரப்பர் உருண்டை. அதன்மேல் நூலோ கயிறோ இறுகச் சுற்றியிருக்கும். இதுவே வைப்ரஃபோன் கோல். மென்மையான தலை பட்டையோடு சற்று நேரம் ஒட்டியிருந்து அடிப்படைச் சுரத்தை மட்டும் எழுப்பும். கடினமான தலை சட்டென்று விலகி மேற்சுரங்களையும் கிளப்பும். ஒரே பட்டையில் ஒரே ஆள் கோலை மாற்றினாலே குரல் மாறிவிடும்.

ஒரு கைக்கு இரண்டு கோல்களைப் பிடிப்பதில் பல முறைகள் உண்டு. கோல்கள் உள்ளங்கையில் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டும் பிடி ஒரு வகை. ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டன் செம்மைப்படுத்தி அவர் பெயராலேயே வழங்கும் பிடி இந்த வகையைச் சேர்ந்தது. கோல்கள் குறுக்கிடாமல் தனித்தனியே இயங்கும் பிடி இன்னொரு வகை. மரிம்பாக் கலைஞர் லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ் பெயரால் வழங்குகிறது. முதலாவதில் அடி உறுதி. இரண்டாவதில் விரிவு அதிகம்.

தட்டாமலும் ஓசை எழுப்பலாம். செல்லோ அல்லது டபுள் பேஸ் வில்லைப் பட்டையின் ஓரத்தில் மேல்நோக்கி இழுத்தால், தட்டும் ஓசையே இல்லாமல் சுரம் மட்டும் கண்ணாடியை வருடியதுபோல எழும். ஒலித்துக்கொண்டிருக்கும் பட்டையின் கணுவில் கடினமான ரப்பர் கோலை அழுத்தி நடுப்பக்கமாக நகர்த்தினால் சுருதி சற்றே வளைந்து இறங்கும். அசையாத சுருதி கொண்ட கருவியில் கமகத்துக்கு இவ்வளவுதான் இடம்.

ஜாஸ் கொடுத்த வாழ்வு

மேடைப் புதுமையாகப் பிறந்த பல கருவிகள் சில ஆண்டுகளில் காணாமற்போயின. வைப்ரஃபோன் பிழைத்ததற்குக் காரணம் ஜாஸ் கலைஞர்கள். 1930 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவுக்கு வந்திருந்தார். டிரம்ஸ் வாசிக்க வந்தவர் லயனல் ஹாம்ப்டன் என்ற 22 வயது இளைஞர். அங்கே ஒரு வைப்ரஃபோன் இருந்தது. ஹாம்ப்டன் முன்பே சைலஃபோன் பழகியவர். ஆம்ஸ்ட்ராங் ஊக்கப்படுத்த, 'மெமரீஸ் ஆஃப் யூ' பாடலின் பதிவில் அவர் அதை வாசித்தார். ஜாஸில் வைப்ரஃபோனின் வரலாறு அந்தப் பதிவிலிருந்தே எண்ணப்படுகிறது.

1936இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் தம் சிறு குழுவில் ஹாம்ப்டனைச் சேர்த்துக்கொண்டார். பியானோவில் டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் குருப்பா. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் ஒன்றாக வாசிப்பது அமெரிக்காவில் அரிதாக இருந்த காலம் அது. இரு வெள்ளையர்களும் இரு கறுப்பர்களும் கொண்ட அந்த நால்வர் குழு மக்கள் முன் மேடையேறி நிறவேற்றுமை வழக்கத்தை உடைத்தது. 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த புகழ்பெற்ற ஜாஸ் கச்சேரியிலும் ஹாம்ப்டனின் வைப்ரஃபோன் ஒலித்தது. ஹாம்ப்டன் டிரம்ஸ்காரர், அவர் வாசிப்பில் தாளத்தின் துள்ளலே முன்நிற்கும். மோட்டாரையும் வேகமாகவே ஓடவிட்டார். சைலஃபோனில் புகழ்பெற்ற ரெட் நார்வோ 1940களில் வைப்ரஃபோனுக்கு மாறியபோது மோட்டாரை நிறுத்திவிட்டு மென்மையாக வாசித்தார். ஆக, தொடக்கத்திலேயே இரண்டு பாணிகள் உருவாகிவிட்டன.

மூன்றாவது பாணி டெட்ராய்ட்டிலிருந்து வந்தது. 1923இல் பிறந்த மில்ட் ஜாக்சன், 1940களின் நடுவில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் சேர்ந்தவர். அவர் தம் மோட்டாரை மிக மெதுவாக, நொடிக்குச் சுமார் 3.3 சுற்று என்ற அளவில் ஓடவிட்டார். ஹாம்ப்டன் வைத்துக்கொண்ட வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நடுக்கம் மெதுவானதும் கருவியின் குரலே மாறிப்போனது. நீண்ட சுரத்தில் பாடகரின் மூச்சு ஏறி இறங்குவது போன்ற உயிர் வந்தது. ஜாக்சன் 1952இல் தொடங்கிய மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் குழுவில் பியானோக் கலைஞர் ஜான் லூயிஸுடன் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். உடை, மேடை ஒழுங்கு, அமைதி எல்லாவற்றிலும் செவ்வியல் இசைக்குழுவின் கண்ணியத்தோடு ஜாஸ் வாசித்த குழு அது. அதன் நடுவே ஜாக்சனின் புளூஸ் உணர்வு ததும்பும் வாசிப்பு தனித்து ஒலித்தது.

சிறுவயதில் ஜாக்சனின் இசைத்தட்டைக் கேட்டுக் கருவி வாங்கியவர் பாபி ஹட்சர்சன். எரிக் டால்ஃபியின் 1964ஆம் ஆண்டு 'அவுட் டு லஞ்ச்' இசைத்தட்டில், வழக்கமாகப் பியானோ இருக்கும் இடத்தில் அவருடைய வைப்ரஃபோன் இருந்தது. பியானோபோல் இடைவெளிகளை நிரப்பாமல், அங்கங்கே கூர்மையான ஓசைகளைத் தூவி, அவர் மற்றவர்களுக்குத் திறந்த வெளியை விட்டுக்கொடுத்தார்.

1943இல் பிறந்த கேரி பர்ட்டன் கருவியின் எல்லையை விரித்தவர். அதுவரை பெரும்பாலான ஜாஸ் கலைஞர்கள் இரண்டு கோல்களால் ஒற்றை மெட்டையே வாசித்துவந்தனர். பர்ட்டன் நான்கு கோல்களையும் எந்நேரமும் பயன்படுத்தி, இடக்கை துணை இசைக்க வலக்கை மெட்டு வாசிக்கும் பியானோ முறையைக் கொண்டுவந்தார். மோட்டாரை அணைத்துவிட்டார். ஓசையைப் பெடலாலும் கோலாலும் அடக்கி அடக்கி வாசிப்பதையே கலையாக்கினார். அவர் தனியாக வாசித்த 'அலோன் அட் லாஸ்ட்' இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. பியானோக் கலைஞர் சிக் கொரியாவுடன் 1972இல் பதிவுசெய்த 'கிரிஸ்டல் சைலன்ஸ்' இரு கருவிகள் மட்டுமே சேர்ந்து ஒரு முழு இசைத்தட்டைத் தாங்க முடியும் என்று காட்டியது. பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியில் பல்லாண்டுகள் கற்பித்த பர்ட்டன் 2017இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஜாஸுக்கு வெளியேயும் கருவி பரவியது. சிறுவனாக இருந்தபோது ஹாம்ப்டன் கையாலேயே கோல்களைப் பரிசாகப் பெற்ற ராய் அயர்ஸ் 1970களில் ஃபங்க், சோல் இசையில் வைப்ரஃபோனைக் கொண்டு சேர்த்தார். 1976இல் வந்த அவருடைய 'எவ்ரிபடி லவ்ஸ் த சன்ஷைன்' பாடலின் துணுக்குகளை ஹிப்ஹாப் கலைஞர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர்.

செவ்வியல் மேடையில்

ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர்களும் இந்த ஓசையை விரைவிலேயே கண்டுகொண்டனர். 1937இல் சூரிச்சில் அரங்கேறிய அல்பான் பெர்கின் 'லூலூ' ஆபெராவில் வைப்ரஃபோன் முக்கிய இடம் பெற்றது. பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ 1947இல் மரிம்பாவுக்கும் வைப்ரஃபோனுக்குமாக இசைக்குழுவுடன் கூடிய கன்செர்ட்டோ எழுதினார்.

இந்திய வாசகருக்குத் தனி ஈடுபாடு தரக்கூடியது ஒலிவியே மெசியானின் 'துரங்கலீலா' சிம்ஃபனி. 1949இல் பாஸ்டனில் அரங்கேறிய அந்தப் பெரும்படைப்பின் பெயரே சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' பட்டியலிடும் தேசி தாளங்களை மெசியான் ஆழ்ந்து பயின்றவர். அந்தச் சிம்ஃபனியில் வைப்ரஃபோன், செலஸ்டா, குளோக்கன்ஷ்பீல், பியானோ ஆகியவை கமெலானை நினைவூட்டும் உலோகக் கூட்டமாக ஒலிக்கின்றன. மெசியானிடம் பயின்ற பியேர் பூலேஸ் 1955இல் அரங்கேற்றிய 'லெ மார்த்தோ சான் மெத்ர்' படைப்பில் ஒரு பெண்குரலோடும் ஆல்ட்டோ புல்லாங்குழலோடும் கிட்டாரோடும் வைப்ரஃபோன் சேர்கிறது. அமெரிக்கரான ஸ்டீவ் ரைக், சிறு சிறு இசைத்துணுக்குகளை மீண்டும் மீண்டும் அடுக்கும் தம் பாணிக்கு வைப்ரஃபோனை இயல்பான துணையாக்கிக்கொண்டார். 2009இல் புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய 'டபுள் செக்ஸ்டெட்' அதற்குச் சான்று.

பராமரிப்பும் பயிற்சியும்

வைப்ரஃபோனைத் தினமும் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. பட்டைகளைத் தாங்கும் கயிறு நாளடைவில் தேயும். அறுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். பட்டைகள் கயிற்றைத் தாங்கும் முளைகளில் உரசினால் 'ஜிர்' என்ற அதிர்வு கேட்கும். தகடுகளின் தண்டும் பெல்ட்டும் ஓசையில்லாமல் சுழல வேண்டும். ஃபெல்ட் கட்டை எல்லாப் பட்டைகளையும் ஒரே அளவில் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பம் ஏறினால் உலோகப் பட்டையின் சுருதி சற்று இறங்கும். குழாயினுள் காற்றின் சுருதியோ ஏறும். மேடை விளக்கின் சூட்டில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் ஒலிப்பு சற்று மங்கும்.

கற்பவருக்குப் பியானோவில் சுரங்களின் இடம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பியானோவில் விரல்கள் கட்டையின் மேலேயே இருக்கும். இங்கே கோலின் நுனிக்கும் பட்டைக்கும் இடையே வெற்றுவெளி. தொட்டுப் பார்த்து இடம் கண்டுகொள்ள வழியில்லை. கண், தோள், மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து தூரத்தை அளந்து பழக வேண்டும். தட்டும் பயிற்சிக்கு இணையாக அடக்கும் பயிற்சியும் முதல் நாளிலிருந்தே வேண்டும் என்பது ஆசிரியர்கள் வலியுறுத்தும் பாடம்.

கேட்பவருக்கு

வைப்ரஃபோனை முதன்முதலாகக் கேட்க விரும்புபவர் 1930ஆம் ஆண்டு 'மெமரீஸ் ஆஃப் யூ' பதிவில் தொடங்கலாம். அதில் கருவியின் பங்கு சிறியது. ஒரு புதிய குரல் ஜாஸுக்குள் நுழைவதைக் கேட்கலாம். அடுத்து மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் பதிவுகளில் மில்ட் ஜாக்சனின் நீண்ட சுரங்களைக் கேட்டால், மெதுவாக ஓடும் மோட்டார் ஓசைக்கு என்ன செய்கிறது என்பது புரியும். பிறகு 'கிரிஸ்டல் சைலன்ஸ்'. மோட்டார் இல்லாத வைப்ரஃபோனின் தெளிவு அங்கே வெளிப்படும். அதோடு ஒரு பாலிக் கமெலான் பதிவையும் சேர்த்துக் கேட்டால், மின்சாரம் இல்லாமலேயே அதே அலையடிப்பை வெண்கலம் எப்படித் தருகிறது என்பதும் விளங்கும்.

கேட்கும்போது சுரம் தொடங்கும் இடத்தை மட்டும் கவனித்தால் போதாது. அது முடியும் இடத்தையும் கவனிக்க வேண்டும். உலோகத்தை ஒலிக்கவைக்க ஒரு தட்டு போதும். அதை வேண்டிய நொடியில், வேண்டிய அளவில் அடங்கவைக்கத்தான் வைப்ரஃபோன் கலைஞர் வாழ்நாள் முழுவதும் பழகுகிறார்.